கண்மாய்க் கரையில் ஒரு ராத்திரி

கூடாரம் வாங்கிக்கொண்டு தண்ணீர்க் கரையில் தங்கக் கிளம்பும் ஆசை மதுரைக் குடும்பங்களுக்குப் புதிதாக வந்திருக்கிறது. கரையில் தங்கும் வழக்கம் மட்டும் இந்த ஊருக்குப் புதிதல்ல.

மாசி மகா சிவராத்திரி. மணி ரெண்டரை இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில், எங்கள் குலசாமி கோயிலுக்கு முன்னால் நான்கு வேன்களும் ஒரு குட்டியானையும் நிற்கின்றன. குட்டியானையின் மேல்கம்பியில் ஒரு முனை, புங்கை மரக்கிளையில் மறு முனை என்று தார்ப்பாய் இழுத்துக் கட்டியாயிற்று. அதற்குக் கீழே ஜமுக்காளம், கோரைப்பாய், பழைய சேலை என்று கிடைத்ததையெல்லாம் விரித்து, குறுக்கும் நெடுக்குமாக இருபது பிள்ளைகள் தூங்குகிறார்கள். பெரியவர்கள் சாமிப் பெட்டி வரும் வழியைப் பார்த்தபடி விழித்திருக்கிறார்கள். பொங்கல் பானை அடுப்பில் இறங்கியும் சூடு குறையவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் இருட்டாகக் கண்மாய். ஏதோ ஒரு நீர்க்கோழி நடுத்தண்ணீரில் இரண்டு முறை கத்திவிட்டு அடங்குகிறது.

இந்த வருஷம் பெங்களூருவிலிருந்து வந்த சித்தப்பா மகன் நீலக் கலரில் ஒரு டென்ட் கொண்டுவந்திருந்தான். கம்பியை மடக்கிச் சொருகி, பத்து நிமிஷத்தில் ஒரு சின்ன வீட்டை நிமிர்த்திவிட்டான். அப்பத்தா அதைச் சுற்றி வந்தார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுக்குள்ள காத்து வருமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

விடிந்தபோது அவர் கேட்டதன் அர்த்தம் தெரிந்தது. டென்ட்டின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தது. உள்ளே படுத்த மூன்று பேரின் மூச்சு வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த துணியில் பட்டு, தண்ணீராகி அவர்கள் மேலேயே சொட்டியிருக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே படுத்தவர்கள் காய்ந்த தலையோடு எழுந்தார்கள். பனிநாட்டுக்குத் தைத்த கூடாரத்தின் மேல்துணியைக் கழற்றி வைத்துவிட்டு, வலையை மட்டும் கட்டினால்தான் நம் ஊருக்கு ஆகும் என்று பிறகு சித்தப்பா மகனே கண்டுபிடித்தான்.

சாமியும் வெளியே தங்குகிற ஊர்

மதுரையில் பெரியவர்களுக்கு 'கேம்பிங்' என்று சொன்னால் புரியாது. 'கட்டுச்சோறு கட்டிக்கிட்டு அழகரைப் பார்க்கப் போனோம்' என்று சொன்னால் முகம் மலரும். சித்திரைத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து கூட்டு வண்டி கட்டி வந்து, வைகை மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் வைத்துச் சோறு பொங்கி, அழகர் மலைக்குத் திரும்புகிற வரை அங்கேயே கிடந்த குடும்பங்களின் கதை இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அழகரே அந்த நாட்களில் வெளியில் தங்குகிறவர்தானே. மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளம், சித்ரா பௌர்ணமியில் ஆற்றில் இறங்கல், அன்றிரவு வண்டியூர், மறுநாள் தேனூர் மண்டபம், பிறகு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, இருந்து, உண்டு, உறங்கிப் போகும் அந்தப் பயணத்தைத்தான் குடும்பங்கள் பின்தொடர்ந்தன.

ஆடியில் அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கிடா வெட்டு. புளிய மரத்துக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக்கொண்டு அடுப்புப் போடுவார்கள். போகிற வழியில் கள்ளந்திரிக் கால்வாயில் தண்ணீர் ஓடினால் பிள்ளைகளைக் கரையேற்றுவதே பெரும்பாடு. அந்தத் தண்ணீர் பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலை குடைந்து வருவது. 1959 ஜனவரி 21-ல் காமராஜர் திறந்துவைத்த வைகை அணையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, 45,041 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்துக்கொண்டு போகிற வழியில் நம் பிள்ளைகளையும் குளிப்பாட்டுகிறது.

கரையில் ஏன் சாமி இருக்கிறது என்பதை இங்கே யோசிக்க வேண்டும். மதுரையைச் சுற்றி ஐயனார், கருப்பு, முனியாண்டி, ஏழு கன்னிமார் எல்லாரும் பெரும்பாலும் கண்மாய்க் கரையில்தான் நிற்கிறார்கள். மடைக்குக் காவலாக மடைக்கருப்பு. வெள்ளம் வரும் ராத்திரியில் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் தங்க நிழல் வேண்டும். நிழலுக்கு ஆலும் அரசும் புங்கையும் நாவலும் வைத்தார்கள். அந்த மரத்தை யாரும் வெட்டாமலிருக்கச் சாமியை நிறுத்தினார்கள் என்பது என் கணிப்பு. எப்படியோ, ஒரு கோடை நாட்டில் குடும்பத்தோடு தங்கத் தேவையான அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன: தண்ணீர், நிழல், மேடு, காற்று, பயமில்லாமல் படுக்க ஒரு சாமி.

■ பெட்டி: கரைக்குப் போகும் முன் தெரிய வேண்டிய வார்த்தைகள்

உள்வாய் – தண்ணீர் நிற்கும் பரப்பு. வற்றிக் கிடந்தாலும் படுக்கக் கூடாத இடம்.
மடை – வயலுக்குத் தண்ணீர் போகும் வாசல். மடைக்கு முன்னால் ஆழமும் சுழலும் அதிகம்.
கலுங்கு – கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கல்கட்டு. தண்ணீர் வழிவதை 'மறுகால் போகுது' என்பார்கள்.
வரத்துக்கால் – கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். இது அடைபட்டால் கண்மாய் வெறும் பள்ளம்.

நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துடையவை.

பூங்கா எட்டு மணிக்குப் பூட்டப்படும்

நகரத்துக்குள் நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நான்கு பக்கமும் பாருங்கள். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். பல வருஷம் தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் தண்ணீர் கண்டு, மற்ற நாளெல்லாம் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீர் மறுபடி வந்த பிறகு அந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. கல்சுவரில் உட்கார்ந்து காற்று வாங்க வந்த கூட்டத்தை நம்பி பஜ்ஜிக் கடை, ஜிகர்தண்டாக் கடை, பஞ்சுமிட்டாய், பலூன் என்று ஒரு பெரிய வாழ்க்கையே நடக்கிறது. தண்ணீர் வந்தால் ஜனம் தானாக வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி மதுரையில் இல்லை.

கொஞ்சம் வடக்கே வண்டியூர்க் கண்மாயில் 50 கோடி ரூபாய்த் திட்டத்தில் நடைபாதை, சைக்கிள் பாதை, பிள்ளைகள் விளையாடும் இடம் என்று மாநகராட்சி அமைக்க இறங்கியது. கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் மாடிவீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கண்மாயைப் 'பூங்கா'வாகப் பார்க்க ஆரம்பித்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கரை அகலமாகிறது, உள்வாய் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. வரத்துக்காலைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

அதன் விலையை மதுரை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. தல்லாகுளம் என்ற பெயரில் குளம் இருக்கிறது; அங்கே இன்று மாநகராட்சி அலுவலகம். உலகனேரி என்ற பெயரில் ஏரி இருக்கிறது. அங்கே 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை. 2024 அக்டோபர் 25-ல் கொட்டித் தீர்த்த ஒரே மழையில் செல்லூரும் அதைச் சுற்றிய தெருக்களும் மிதந்தன. பந்தல்குடி வாய்க்கால் தாங்கவில்லை. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குப் புது வாய்க்கால் கட்ட அதற்குப் பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்தான் நமக்குக் கண்மாய் ஞாபகம் வருகிறது.

பூங்காவின் இன்னொரு குறை சின்னதாகத் தெரியும்; குடும்பங்களுக்கு அதுதான் பெரிது. ராத்திரி ஆனால் பூட்டிவிடுவார்கள். வெயில் நாற்பது டிகிரி அடிக்கும் ஊரில் மனுஷன் வெளியே வருவதே பொழுது சாய்ந்த பிறகுதான். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல்தான் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று எழும்பும். அதற்கு முன்பே காவலாளி விசில் ஊதிவிடுகிறார். பகலில் சூரியனுக்கும் ராத்திரியில் பூட்டுக்கும் இடையில் நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். பாயை விரித்து, தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடக்கூட அது காணாது.

பெண்கள் கேட்கும் முதல் கேள்வி

வெளியே தங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் ஆண்கள் எங்கே, எப்போது என்று கேட்பார்கள். பெண்கள் கேட்பது ஒன்றுதான்: கழிப்பறை இருக்கா?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் நின்றுபோன பயணங்களை நான் என் குடும்பத்திலேயே எண்ணிச் சொல்வேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு அணைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பெண்கள் கழிப்பறையின் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். சர்க்கரை நோய் உள்ள என் அத்தை முக்கால் மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கூட எங்கும் வருவதில்லை. கிளம்பும் நாளில் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் சுற்றும் பெண்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

அடுத்தது பாட்டில். கரையில் குடித்துவிட்டு அங்கேயே உடைத்துப் போடும் கண்ணாடி, மழைக்கு உருண்டு உள்வாய்க்குள் போய்ச் சேற்றில் புதைகிறது. நாற்று நடுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், மீன்பிடிக்க இறங்குகிற பிள்ளை என்று எல்லார் காலையும் அது வருஷக் கணக்கில் கிழிக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கரையில் கிடக்கும் தெர்மாகோல் தட்டுகளைப் பார்த்தால் தடை வந்த செய்தி இன்னும் அங்கே எட்டவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். வாழையிலையில் சாப்பிட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மூன்றாவது, பாதுகாப்பு. சவடு அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குக் கீழே தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த எட்டில் ஆளளவு குழியில் இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் எங்கே இறங்கலாம் என்று கைகாட்டாமல் யாரும் இறங்கவே கூடாது.

■ பெட்டி: தரையில் படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. கடிவாயும் கண்ணுக்குப் படாது. விடியற்காலை வயிற்று வலி, கண் இமை செருகல், பேச்சுக் குழறல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் கொசுவும் வராது, பாம்பும் வராது. எழுந்து போகிறவர் கையில் டார்ச் வேண்டும்.

மலைக்கு விதி உண்டு, சமவெளிக்கு?

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த கொடுமையை மறக்க முடியாது. மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் சேர்த்து மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையும் சாகசச் சுற்றுலா, கேரவன் என்று பேசுகிறது. எல்லாம் நல்லது. ஆனால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று பரந்து கிடக்கும் சமவெளியில், ஒரு சாதாரணக் குடும்பம் ஒரு ராத்திரி கரையில் தங்க வேண்டுமானால் யாரைக் கேட்பது? இன்றைக்கு ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுப்பதுதான் நடைமுறை. குலசாமிக்காரர்களுக்கு அது கிடைக்கும். ஊருக்கு அந்நியரான, சாதி கேட்கப்படுவோமோ என்று தயங்குகிற குடும்பத்துக்கு அது கிடைக்காது. பொது இடத்தில் தங்குவதற்கு யாருடைய தயவும் தேவைப்படாத ஏற்பாடு வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைப் பூங்காக்களில் தங்குவதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வெயிலில் அதுவும் நம் ஊர் மாதிரிதான். அங்குள்ள ஏரிகளும் பெரும்பாலும் அணை கட்டித் தேக்கியவையே. மாநிலப் பூங்காவில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், ஒரு மேசை, அடுப்புக்கு ஒரு இரும்பு வளையம், நடந்து போகும் தூரத்தில் கழிப்பறை. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை சத்தம் கூடாது. ஓர் இடத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்க முடியாது.

எட்டுப் பேர் கணக்கு நமக்கு ஒத்துவராது. நம் குடும்பம் என்பது நாற்பது பேர், இரண்டு அடுப்பு, ஒரு அண்டா. மற்றதெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிமென்ட் கட்டடம் வேண்டாம். வரவேற்பு வளைவு வேண்டாம். செல்ஃபி எடுக்கப் பிளாஸ்டிக் மயில் வேண்டாம். கரையின் வெளிப்பக்கம், உள்வாயை ஒரு அடிகூடத் தொடாமல், பத்து மரம், நான்கு கழிப்பறை, ஒரு அடிகுழாய், விடிய விடிய எரியும் இரண்டு விளக்கு, பெயர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு, காவலுக்கு ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். வசூலாகும் காசு வரத்துக்கால் தூர்வார. குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்ததும், 2017-ல் அரசு அதே பெயரில் திரும்பத் தொடங்கியதும் இந்தக் காரியம்தான்.

தங்கக் கூடாத கரைகள்

எல்லாக் கரையிலும் தங்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 193 ஹெக்டேர். ஏழு குன்று, பாண்டியர் குடைவரை, சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, ஊற்றும் கண்மாயுமாகக் கிடக்கும் ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர்ப் பகுதி மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசை அதை ரத்து செய்யவைத்தார்கள். அந்தப் பெயரால் இப்போது பார்க்க வருகிறவர்கள் பகலில் வந்து, ஊர்க்காரரோடு நடந்து, பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும். அந்தப் பாறை இடுக்குகளில் லகடு வல்லூறு கூடு வைக்கிறது. கீழே நாம் மூட்டும் அடுப்புப் புகையும் ஸ்பீக்கர் சத்தமும் அதன் குஞ்சுக்கு எமன்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமும் அப்படியே. 1977-ல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய் மரங்களில் நாரையும் கொக்கும் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தங்கள் பிள்ளைகளின் மத்தாப்பையே பறவைக்காக விட்டுக்கொடுத்த ஊருக்குப் போய், கார்க் கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுவது அடாத செயல்.

■ பெட்டி: எந்த மாதம், எந்தக் கரை

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் நிற்கும், வெயில் தணிந்திருக்கும், பறவை வந்திருக்கும்.
பிள்ளைகளோடு ஒரு பகல் என்றால் கீழக்குயில்குடி: சமணமலை அடிவாரம், தாமரைக் குளம், கருப்பு கோயில் ஆலமரம், மேலே செட்டிப்புடவு.
பறவை பார்க்க: விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் சாமநத்தம் கண்மாய், விடியற்காலை.
நாள் முழுக்க என்றால் வைகை அணை: மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோடையில் போக ஒரே ஒரு காரணம் உண்டு. மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றி முழங்காலுக்கு இறங்கியதும் தண்டோரா போடுவார்கள். முதல் நாள் ராத்திரியே சுற்றூர் ஜனம் ஊத்தா, கச்சா, வலையோடு கரையில் வந்து படுத்துவிடும். விடிந்ததும் பெரியவர் ஒருவர் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான், ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கும். விராலும் கெளுத்தியும் கட்லாவும் எடுத்தவர் வீட்டுக்குப் போகும். விற்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கிடைக்காதவருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்துவிடும். அந்த ராத்திரியில் கரையில் படுத்துக் கிடக்கும் குடும்பங்களுக்கு யாரும் கூடாரம் கட்டித் தரவில்லை, கட்டணமும் வாங்கவில்லை. கண்மாயில் தண்ணீர் வந்து, நின்று, வற்றியது. அது ஒன்றுதான் தேவைப்பட்டது.

சிவராத்திரிக்கு மறுநாள் மத்தியானம் எங்கள் வேன்களில் சாமான் ஏறியது. சித்தப்பா மகன் டென்ட்டை வெயிலில் காயப்போட்டு மடித்தான். தார்ப்பாயை அவிழ்த்தோம். பிள்ளைகள் இலையைப் பொறுக்கிக் குவித்தார்கள். எல்லாரும் ஏறிய பிறகும் அப்பத்தாவைக் காணோம் என்று இறங்கிப் பார்த்தேன். கண்மாயில் தூக்குவாளியை முக்கி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கரையேறி வந்தார். அடுப்புச் சாம்பலில் ஊற்றினார். புஸ்ஸென்று புகைந்தது. திரும்பப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றினார். பிறகு குனிந்து, ஈரச் சாம்பலுக்குள் கையை விட்டு, அடியில் சூடு இருக்கிறதா என்று துழாவிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வேனில் ஏறினார்.